ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் – விமர்சகர்கள் கண்டதும் விட்டதும்

'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' பழங்கால இந்தியாவைக் களமாகக் கொண்ட ஒரு வீடியோ கேம். புனேயில் இயங்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு இதை உருவாக்கியது. 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் வந்தது. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவின் இறுதிப் பட்டியலில் ராஜியின் பெயர் இருந்தது. விருது ஃபாஸ்மோஃபோபியா என்ற பேய் வேட்டை கேமுக்குப் போனது.

கதை எளிமையானது. ராஜி ஒரு கழைக்கூத்தாடிப் பெண். அவளுடைய தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிச் செல்கிறார்கள். துர்க்கை ராஜியைத் தேர்ந்தெடுத்து ஆயுதம் தருகிறாள். கோட்டைகள், நகரங்கள், பாலைவனம் வழியாக அவள் தம்பியைத் தேடிப் போகிறாள். எதிரி மகாபலாசுரன். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பார்த்துக்கொண்டு இந்தக் கதையை நமக்குச் சொல்கிறார்கள்.

வெளிவந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சொல்லின. பார்க்க அழகாக இருக்கிறது, களம் புதிது, கதை சொல்லும் விதம் நன்று என்பது ஒன்று. சண்டை சுமார், கேமரா தொந்தரவு செய்கிறது, நான்கைந்து மணி நேரத்தில் அந்தரத்தில் முடிந்துவிடுகிறது என்பது மற்றொன்று. இந்தப் பாராட்டும் குறையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலவே எழுதப்பட்டன. ஓவியத்துக்கு இவ்வளவு மதிப்பெண், சண்டைக்கு இவ்வளவு, கூட்டி வகுத்தால் சராசரி. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வெட்டிச் சாய்க்கும் ஆட்டம்

ஹேக் அண்ட் ஸ்லாஷ் என்ற வகையை அறியாத வாசகருக்கு ஒரு விளக்கம். கையில் வாளோ கோடரியோ ஈட்டியோ இருக்கும். எதிரிகள் கூட்டமாக வருவார்கள். பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தினால் அடிகள் கோவையாக விழும். அந்தக் கோவைக்குக் காம்போ என்று பெயர். கடைசியில் பாஸ் எனப்படும் பெரிய எதிரி. வகையே அவ்வளவுதான். இதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையே கை உணரும் உறவு. அதை எழுத்தில் விளக்குவது கடினம். தவில் வித்துவானின் கையை விளக்குவது போலத்தான்.

2000களின் நடுவில் உடுமலைப்பேட்டையில் பள்ளி விட்டதும் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிளேஸ்டேஷன் 2 ஆடும் கடைகளுக்குப் போனவர்களுக்கு இந்த உறவு தெரிந்திருக்கும். அங்கே வரிசையில் நின்று ஆடியது பெரும்பாலும் காட் ஆஃப் வார் (2005). சான்டா மோனிகா ஸ்டுடியோ உருவாக்கிய அந்த கேமின் களம் பழங்கால கிரேக்கம். கிரேக்க புராணத்தில் ஒரு வரிகூடப் படித்திராத பையன்களுக்கும் க்ராட்டோஸ் யார், அவன் ஏன் இப்படிக் கோபப்படுகிறான் என்பது தெரிந்திருந்தது. எப்படி? அவனுடைய ஆயுதமே அதைச் சொல்லிவிடுகிறது. போர்க்கடவுளுக்கு அடிமைப்பட்ட நாளில் அவன் முன்கைகளில் சங்கிலியோடு சுட்டுப் பொருத்தப்பட்ட கத்திகள் அவை. ஒவ்வொரு வீச்சிலும் அந்தச் சங்கிலி நீண்டு சுருங்குகிறது. ஆடுபவர் சுழற்றுவது அவனுடைய அடிமைத்தனத்தை. விமர்சகர்கள் அந்த கேமின் சண்டையைப் பாராட்டியபோது கதையையும் சேர்த்தே பாராட்டினார்கள் என்று சொல்லலாம்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் (2003) இன்னும் நுட்பமானது. இளவரசன் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகிறான். நாம் தவறி விழுந்து செத்தால், இல்லை, அப்படி நடக்கவில்லை என்று தன்னைத் திருத்திக்கொள்கிறான். காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் மணல்தான் கதையின் மையம். ஆடுபவரின் விரலில் இருக்கும் சக்தியும் அதுவே. (அந்த கேம் ஒரு இந்திய மகாராஜாவின் அரண்மனையைக் கொள்ளையடிப்பதில் தொடங்குகிறது. 2003இல் இப்படிப்பட்ட கேம்களில் நமக்குக் கிடைத்த இடம் அது.)

ராஜியின் விமர்சனங்களில் இந்த இரண்டு கேம்களின் பெயர்களும் ஒப்பீட்டுக்காக அடிக்கடி வந்தன. சுவரில் ஓடுவதும் தூணுக்குத் தூண் தாவுவதும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை நினைவூட்டின. தெய்வங்களும் பூதாகார எதிரிகளும் காட் ஆஃப் வாரை. ஒப்பீடு சரியானதுதான். ஆனால் அது பெரும்பாலும் அசைவுகளோடும் தோற்றத்தோடும் நின்றுவிட்டது.

அனுமன் தந்த அச்சம்

ராஜிக்கு முன் இந்தியப் புராணத்தை ஆட்டமாக்கியவர்களின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இந்திய வரவேற்பைப் புரிந்துகொள்ள அது தேவை.

2009இல் ஹைதராபாதின் ஆரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கி, சோனி வெளியிட்ட அனுமன்: பாய் வாரியர் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் கேம் என்ற பெருமையோடு வந்தது. அதைப் பற்றிய பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்தது. ஆடிப் பார்த்தவர்கள் கட்டுப்பாடும் கேமராவும் மோசம் என்று கடுமையாக எழுதினார்கள். அமெரிக்காவில் இருந்த ராஜன் ஜெட் போன்ற இந்து அமைப்பினர், வணங்கும் தெய்வத்தை ஆடுபவரின் கைப்பாவையாக்குவது அவமதிப்பு, கேமைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். முதல் தரப்பின் பேச்சு தரத்தைப் பற்றியது. இரண்டாம் தரப்பின் பேச்சு மரியாதையைப் பற்றியது. அனுமனைக் கையில் எடுத்தவனின் கை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவே காணாமல் போனது.

ராஜியில் ஆடுபவர் தெய்வத்தை இயக்குவதில்லை. ஒரு சாதாரணப் பெண்ணை இயக்குகிறார், தெய்வங்கள் குரலாக மட்டும் வருகின்றன. இந்த ஏற்பாடு அனுமன் சந்தித்த சிக்கலைத் தவிர்த்துவிடுகிறது. அதற்காகத்தான் அப்படி வைத்தார்களா என்பது வேறு கதை. ஒரு பெண்ணின் கதையாக எழுத வேண்டும் என்ற விருப்பமே போதுமான காரணம்தான். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது.

சுவரில் இருக்கும் புராணம்

கேமின் மிக அழகான இடங்கள் எவை? அரண்மனைச் சுவர்களில் உள்ள ஓவியங்கள். ராஜி அவற்றின் முன் போய் நின்றால் கேமரா மெல்ல ஓவியத்தின் மேல் நகரும். துர்க்கையும் விஷ்ணுவும் அதிலுள்ள புராணத்தைச் சொல்வார்கள். இடையிடையே வரும் காட்சிகள் நிழற்பாவைக் கூத்தாக அமைந்திருக்கின்றன. மொத்தக் களமும் பஹாரி சிற்றோவிய மரபின் வண்ணங்களைக் கொண்டு கையால் தீட்டப்பட்டது. கட்டடங்களில் ராஜஸ்தான் கோட்டைகளின் சாயல். விமர்சகர்கள் இவற்றைத்தான் புகழ்ந்தார்கள். புகழ்ச்சிக்கு முழுத் தகுதி உண்டு.

ஆனால் ஓவியத்தின் முன் நிற்கும்போது ஆடுபவர் என்ன செய்கிறார்? ஒன்றும் செய்வதில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். கதை முடிந்ததும் அடுத்த முற்றத்துக்குப் போகிறார். வாசல் மாயத் திரையால் அடைபடுகிறது. அசுரர்கள் வருகிறார்கள், அடிக்கிறார், திரை விலகுகிறது. புராணம் சுவரில் இருக்கிறது, சண்டை தரையில் நடக்கிறது. துர்க்கை கொடுத்த திரிசூலம் ஒரு நல்ல ஈட்டி. மின்னல், நெருப்பு, பனி என்று அதற்குச் சக்தி ஏற்றலாம். அது துர்க்கையின் கையிலிருந்து வந்தது என்பதை ஆடுபவரின் விரல் எந்த இடத்திலும் உணர்வதில்லை. அதை எந்த நாட்டு வீரனின் ஈட்டியாக மாற்றினாலும் சண்டை மாறாது.

கேமரா விஷயமும் இப்படித்தான். ராஜியில் கேமராவை நாம் திருப்ப முடியாது. அது மிகவும் பின்வாங்கி, அரண்மனை முழுவதையும் காட்டி, ராஜியை ஒரு சிறு புள்ளியாக்கும் இடங்கள் பல. தாவும்போது தூரம் தெரியாமல் விழுகிறோம், சண்டையில் எதிரி தூணுக்குப் பின்னால் மறைகிறான் என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். நியாயமான குறை. ஆனால் சிற்றோவியங்களைக் கொஞ்சம் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கேமரா எங்கிருந்து வந்தது என்று தெரியும். மாடம், முற்றம், தோட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிய, நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பெண். அந்த மரபின் பார்வை அது. அழகு என்று பாராட்டப்பட்டதும் தொந்தரவு என்று குறை சொல்லப்பட்டதும் ஒரே முடிவின் விளைவுகள். ஓவியரின் கண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் வேறு ஊர் ஆட்டத்தின் கையை வைத்தார்கள். கண் ஒரு மரபிலும் கை இன்னொரு மரபிலும் இருந்தால் இடறத்தான் செய்யும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சண்டையின் நடுவே ராஜி தூணைப் பற்றிச் சுழன்று எதிரிகளைச் சிதறடிக்கலாம், சுவரில் ஓடி அங்கிருந்து பாய்ந்து அடிக்கலாம். அது கழைக்கூத்தாடியின் உடம்பு. அந்த ஒரு அசைவில் அவள் யார் என்பது விரலுக்குத் தெரிகிறது. பல விமர்சகர்கள் இதை ரசித்திருக்கிறார்கள், சண்டையின் சிறு மகிழ்ச்சிகளில் ஒன்றாகக் குறித்துவிட்டுக் கடந்திருக்கிறார்கள். என் பார்வையில் மொத்த கேமும் அங்கிருந்துதான் வளர்ந்திருக்க வேண்டும்.

படுகளமும் பார்வையாளரும்

புராணத்தைக் கேட்பவர் வெறுமனே நின்று கேட்கத்தான் வேண்டும் என்று நம் ஊரில் யாரும் சொல்லவில்லை. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என்று ஒன்று இருக்கிறது. பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள் ஆகியோரின் கதை. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1960களில் கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி இதை ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார், அனிமேஷன் தொடராகவும் எடுத்தார்.

இந்தக் கதையின் இறுதியில் அண்ணன்மார் படுகளத்தில் மாண்டு கிடக்கிறார்கள். தங்காள் அவர்களைத் தேடிப் போகிறாள். உடன்பிறந்தவனைத் தேடிப் போகும் பெண்! ராஜியின் கதைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறொன்று இல்லை. தங்காள் அண்ணன்மாரைக் கொஞ்ச நேரம் உயிரோடு எழுப்புகிறாள், பேசுகிறாள், மீண்டும் இழக்கிறாள்.

இங்கே முக்கியமானது இது நிகழ்த்தப்படும் விதம். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரிலும் கொங்குப் பகுதிக் கோயில்கள் சிலவற்றிலும் படுகளம் ஒரு சடங்காக நடக்கிறது. கதை அந்தக் கட்டத்துக்கு வரும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்களே அருள் வந்து விழுகிறார்கள், மாண்டவர்களாகக் கிடக்கிறார்கள். பிறகு தங்காளாக நிற்பவள் தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். விழுந்தவனுக்குக் கதை காதில் மட்டும் இல்லை, முதுகில் பட்ட மண்ணிலும் இருக்கிறது. எழுப்பப்படும்போது முகத்தில் படும் தண்ணீரிலும் இருக்கிறது.

ஆட்டத்தில் செத்து எழுவது என்பது எல்லா வீடியோ கேம்களிலும் உள்ள விதி. ராஜியிலும் விழுகிறோம், பக்கத்துப் படியில் மீண்டும் எழுகிறோம். கதை அதைக் கண்டுகொள்வதே இல்லை. படுகளத்தைப் பார்த்த ஒருவர் ராஜியைச் செய்திருந்தால், அந்த விழுதலும் எழுதலும்தான் கதையாக ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. சாண்ட்ஸ் ஆஃப் டைம் குழு பாரசீகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்துவிட்டது. நமக்கு அது சடங்காகவே கிடக்கிறது.

அசுரன் யார்?

விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத இன்னொன்று. ராஜியில் அசுரர்கள் அசுரர்கள்தான். பேச்சில்லை, வரலாறில்லை, வெட்டப்படுவதற்காக வருகிறார்கள். வெளிநாட்டு விமர்சகருக்கு இது பேய், பூதம் போன்ற ஒரு வகை எதிரி. நமக்கு அவ்வளவு எளிதில்லை. உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மலையேறினால் அந்தப் பக்கம் ஆண்டுதோறும் பூக்கோலமிட்டு ஓர் அசுர மன்னனை வரவேற்கிறார்கள். இந்தப் பக்கம் இராவணனைத் தமிழனாகப் பார்த்து எழுதிய ஒரு நூற்றாண்டு எழுத்து இருக்கிறது. மகாபலாசுரன் என்ற பெயரைக் கேட்டதும் இந்த இரண்டும் நினைவுக்கு வராத தென்னிந்திய ஆட்டக்காரர் குறைவு. (கேமில் வருபவன் மகாபலி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஹைதராபாதின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017இல் வெளியிட்ட அசுரா என்ற ஹேக் அண்ட் ஸ்லாஷ் கேம் இதைத் திருப்பிப் போட்டது. அதில் ஆடுபவரே அசுரன், பழிவாங்கக் கிளம்புகிறான். மேலிருந்து பார்க்கும் கேமரா, ஒவ்வொரு முறையும் மாறும் நிலவறைகள். ராஜியின் அழகு இதற்கு இல்லை. ராஜிக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் யார் பக்கம் நின்று வெட்டுகிறோம் என்ற கேள்வியை ஆடுபவரின் கையில் வைத்தது இதுதான்.

நம்மவர் கேம்

ராஜி பணத்துக்காகப் பட்ட பாட்டைச் சொல்லாமல் அதன் வரவேற்பைப் பேசுவது நியாயமில்லை. 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்ட முயன்று தோற்றார்கள். எபிக் நிறுவனத்தின் அன்ரியல் மானியம் கைகொடுத்தது. பெரிய ஸ்டுடியோக்களுக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் இருக்கும் துறையில் ஒரு சிறு குழு இதை முடித்துக் காட்டியது. அது வெளியானபோது இந்தியாவில் எழுந்த வரவேற்பில் பெருமிதம் நிறைந்திருந்தது இயல்பு. நம்மவர்கள் செய்தது, வாங்கி ஆதரியுங்கள் என்ற குரலே ஓங்கியிருந்தது.

வெளிநாட்டு விமர்சனத்தில் புதிய களம் என்ற வியப்பும் இந்திய விமர்சனத்தில் பெருமிதமும் வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பினாலும் சேர்ந்த இடம் ஒன்றுதான். இரண்டுமே இந்தியத்தன்மையைச் சுவரில் தேடின. கோலம், மண்டலம், கோட்டை, தெய்வத்தின் பெயர் ஆகியவற்றைக் கண்டதும் திருப்தி அடைந்தன. சண்டை சுமாராக இருப்பது பட்ஜெட் பிரச்சினை என்று விடப்பட்டது. பட்ஜெட் ஒரு பகுதிக் காரணம்தான். தூணைச் சுற்றிச் சுழலும் அந்த அசைவும் அதே பட்ஜெட்டில் செய்ததுதானே?

இதை இவ்வளவு நேரம் பேசக் காரணம் உண்டு. கோவையில் இன்று அனிமேஷனும் கேம் வடிவமைப்பும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்ய நினைப்பவற்றில் சோழர் காலக் கேமுக்குக் குறைவிருக்காது. ராஜி பற்றிய விமர்சனங்களைப் படித்துவிட்டு, கோயில் கோபுரத்தை அழகாக வரைந்து வாளைக் கொஞ்சம் வேகமாக்கினால் போதும் என்று அவர்கள் முடிவு செய்தால், அடுத்த கேமும் இதே இடத்தில் இடறும்.

2022இல் ராஜியின் மேம்படுத்திய பதிப்பு வந்தது. இந்திக் குரல் சேர்ந்தது, கதைக் காட்சிகள் மெருகேறின, சண்டையும் முன்பைவிடச் சீரானது. ஆங்கிலத்தில் பேசும் துர்க்கை ஒட்டவில்லை என்று முன்பு சொன்னவர்களுக்கு இது நிறைவாக இருந்திருக்கும். சுவர் சுவராகவும் தரை தரையாகவும்தான் இருந்தன.

மறு ஆண்டு டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா வந்தது. வாளும் இல்லை, அசுரனும் இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய் சமைக்கிறாள். அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, மை அழிந்து போயிருக்கிறது. விடுபட்ட படியை ஆடுபவர் யோசித்துச் செய்ய வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று திணறும்போது, தொலைவில் இருக்கும் ஒரு தாயிடம் கேட்க முடியாத மகளின் நிலை ஆடுபவரின் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம். சிறியது என்று அதையும் குறை சொன்னார்கள். ஆனால் கதை நன்று, சமையல் சுமார் என்று பிரித்து எழுதுவது எளிதாக இருக்கவில்லை. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது.